இன்னொருக்கா விசாரிச்சுப் பார்ப்பம்

கிண்ணியாவில் பெண் பிள்ளையைப் பெற்றவனுக்கு இரண்டு கவலை. ஒன்று வீடு கட்டுவது, மற்றது அந்த வீட்டுக்குள் யாரைக் கொண்டுவந்து விடுவது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிற ஊர் இது. கல்லும் சீமெந்தும் பிழைத்தால் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டலாம். மாப்பிள்ளை பிழைத்தால் என்ன செய்வது? அதனால்தான் ஊரில் ஒரு கலியாணப் பேச்சு எழும்பினால், பெண்ணின் வாப்பா பள்ளியில் தொழுதுவிட்டு நேரே கலீலுர் றஹ்மான் வீட்டுக்கு வருவார். "நானா, ஒரு இடத்தால வந்திருக்கு. ஒருக்கா விசாரிச்சுத் தாங்களேன்" என்பார்.

ஊருக்கே அண்ணன் முறையான றஹ்மான் நானா லேசில் வாய் திறக்கிற ஆள் இல்லை. உழைக்கிற காலமெல்லாம் திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பலால் இறங்குகிற சாமான்களைச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கிற வேலை பார்த்தவர். வெயிலில் லொறிகள் வரிசை கட்டி நிற்கும், சாரதிமார் பல்லைக் கடிப்பார்கள். இவர் மூட்டைகளை இந்தப் பக்கத்தால் பார்த்து, அந்தப் பக்கத்தால் போய்ப் பார்த்து, அதற்குப் பிறகும் பேனையைத் திறக்கமாட்டார். "றஹ்மான் நானா கையெழுத்து வைக்கிறதுக்குள்ள கப்பல் கிழவியாயிரும்" என்று அங்கே ஒரு பேச்சே இருந்தது. ஆனால் அவர் கையெழுத்து வைத்த சாமானில் ஒருநாளும் பிழை வந்ததில்லை. பென்ஷன் எடுத்து வீட்டோடு இருந்த பிறகு அந்தக் கண் சும்மா இருக்குமா? மாப்பிள்ளைமார்மேல் போய் விழுந்தது.

அவருடைய விசாரிப்புக்கு ஒரு முறை இருந்தது. மாப்பிள்ளையின் சொந்தக்காரரிடம் போகமாட்டார், சொந்தக்காரன் தேன் தடவுவான். பகையாளியிடமும் போகமாட்டார், பகையாளி மண் போடுவான். சலூனுக்குப் போய் ஒரு சவரத்துக்கு உட்காருவார். மோட்டார் சைக்கிள் திருத்துகிற கராஜில் பழைய மர வாங்கில் குந்தியிருப்பார். பையன் தொழுகிற பள்ளியில் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி வுழூச் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று, அவன் குழாயை எப்படிப் பூட்டுகிறான் என்று பார்ப்பார். "குழாயை ஒழுங்காப் பூட்டாதவன் வாயையும் பூட்டமாட்டான்" என்பது அவருடைய சித்தாந்தம். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் தையல்காரி பஸ்மியாவின் மகள் ஜெஸ்மினுக்கு வெளியூரால் ஒரு மாப்பிள்ளை வந்தபோது, ஊரே வாயைப் பிளந்து மெச்சிய அந்தப் பையனின் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் ஒரு பால்போத்தல் கிடந்ததை கராஜ்காரனின் வாயால் கறந்தெடுத்தவர் இவர்தான். பால்போத்தல் இருந்தால் பிள்ளை இருக்கும், பிள்ளை இருந்தால் பெண்சாதி இருப்பாள். ஜெஸ்மின் தப்பினாள். பஸ்மியா இன்றைக்கும் தொழுகைப் பாயில் இருந்து அவருக்குத் துஆக் கேட்கிறாள்.

வீட்டில் அவருடைய மனைவி மைமூனா நேர் எதிர். மீன்காரன் றஊப் மோட்டார் சைக்கிளில் பெட்டியோடு வந்து ஹோர்ன் அடித்தால், மைமூனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல் படலைக்கு வருவாள். பெட்டிக்குள் ஒரு பார்வை. "அந்தப் பாரைய எடுங்க." முடிந்தது. றஹ்மான் வந்தாரென்றால் செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமத்திப் பார்த்து, எந்தக் கரையில் இழுத்த வலை என்று கேட்டு முடிப்பதற்குள் நல்ல மீன் அடுத்த வீட்டுக் குசினிக்குள் பொரிந்துகொண்டிருக்கும்.

"நானா, நீங்க மீன் வாங்கிறீங்களா, மீனுக்குக் கலியாணம் பேசுறீங்களா?" என்று கேட்பான் றஊப்.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று மைமூனா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"பதறாத காரியம் சிதறாது" என்று இவர் வெளியேயிருந்து பதில் கொடுப்பார்.

சண்டை என்று அதைச் சொல்ல ஏலாது. அந்த இரண்டு பேச்சும் கேட்காவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். மைமூனாவின் மனசு எப்போதும் சரியாகச் சொன்னது என்றும் இல்லை. முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நம்பி வேலைக்கு வைத்த ஒருத்தி, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பார்த்து காஸ் சிலிண்டரோடு போய்விட்டாள். றஹ்மான் அதை வைத்து வருஷக்கணக்காக நக்கலடித்தார். "பாவம், அவள்ட வீட்டுல அடுப்பு எரியல்ல போல" என்று சொல்லிவிட்டு மைமூனா அடுத்த வேலையைப் பார்த்தாள். ஒரு முடிவை எடுத்த பிறகு அதைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ஆனால் ஒருதரம் அந்த மனசுதான் குடும்பத்தையே கரை சேர்த்தது. சுனாமி வந்த காலை, கடல் வற்றி உள்ளே போனதைப் பார்க்க ஊர்ச்சனம் கரைக்கு ஓடியது. றஹ்மானும் போய் நின்றார். இது வற்றுக்கான நேரம் இல்லையே, காற்றும் இல்லையே, ஏன் இப்படி என்று யோசித்துக்கொண்டு நின்றார். மைமூனா கைக்குழந்தை சஜீதை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகள் இன்ஷிராவை ஒரு கையால் இழுத்துக்கொண்டு வந்து, மற்றக் கையால் அவர் சட்டையைப் பிடித்தாள். "என்ன ஏது எண்டு கேக்காதீங்க. ஓடுங்க!" ஓடினார்கள். அவரோடு நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் கனபேர் வீடு திரும்பவில்லை.

"எப்பிடிப் புள்ள தெரிஞ்ச உனக்கு?" என்று பிறகு கேட்டார்.

"தெரியா. ஓடணும் போல இருந்திச்சு. அவ்வளவுதான்."

இந்தக் கதையை றஹ்மான் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். சொல்வாரே தவிர, அதிலிருந்து எதையும் படிக்கவில்லை. ஒருநாள் மழை பெய்தது என்பதற்காக எல்லா நாளும் குடை பிடிக்க ஏலுமா என்பது அவருடைய நியாயம்.

இன்ஷிராவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அவருடைய முறைதான் வென்றது. மூதூர்ப் பையன் முனாஸை அவர் விசாரித்த விசாரிப்பில், முனாஸுக்கே தன்னைப்பற்றித் தெரியாத சங்கதியெல்லாம் இவருக்குத் தெரிந்திருந்தது. "போதும், பிள்ளை கிழவியாகப் போறாள்" என்று மைமூனா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் முனாஸ் தங்கமான மனிசன். கட்டாரில் நல்ல வேலை, பெண்சாதி பிள்ளையை அங்கேயே கூப்பிட்டு வைத்திருந்தான். இப்படிப்பட்ட வெற்றிகள் ஒரு மனிதனை எவ்வளவு கெடுக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு நோன்பு முடிந்து பெருநாளும் கழிந்த கிழமை, மைமூனா குளித்துவிட்டு வந்து ஈரத் தலையோடு கதிரையில் உட்கார்ந்தாள். நெஞ்சில், இடது பக்கம், தொட்டால் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றாள். நோவு இல்லை என்றாள். பிறகு, "இது நல்ல சாமான் இல்லங்க. இத எடுத்துப் போடணும்" என்றாள்.

இதில் றஹ்மானைக் குறைசொல்ல ஏலாது. அடுத்த நாளே கிண்ணியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து திருகோணமலைக்கு அனுப்பினார்கள், அங்கேயும் கூட்டிப் போனார். சோதித்தார்கள், சதையில் துளி எடுத்து அனுப்பினார்கள், புற்று என்று வந்தது. சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் இளம் ஆள், மெதுவாகக் கதைக்கிறவர். ஆரம்பத்தில்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம், ஆனால் பிந்தவைக்காமல் எடுத்துவிடுவோம் என்று சொல்லி ஒரு நாளும் குறித்துக் கொடுத்தார்.

"ஓம் சொல்லுங்களேன்" என்று மைமூனா அவருடைய முழங்கையைத் தட்டினாள்.

"டொக்டர், நாங்க ஒருக்கா வீட்டுல கதைச்சுப்போட்டு வாறம்" என்றார் றஹ்மான்.

வீட்டில் யாரோடு கதைப்பது? மகன் சஜீத் அப்போதே சரி என்றுவிட்டான். கட்டாரிலிருந்து இன்ஷிரா அழுதுகொண்டே சரி என்றாள். றஹ்மானுக்கு மட்டும் சரிவரவில்லை. வெட்டுவது மைமூனாவின் உடம்பை. மூட்டை இல்லை, திருப்பி அனுப்ப. இந்த டொக்டர் கெட்டிக்காரரா? கை நல்ல கையா? இங்கேயே செய்வதா, கண்டிக்குப் போவதா, கொழும்புக்குப் போவதா? கையெழுத்து வைக்கிறதுக்கு முன்னால் இதையெல்லாம் பார்க்க வேண்டாமா?

அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் ஓட்டோக்காரரோடு குந்தினார். எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் சிற்றூழியர்களோடு வாய் கொடுத்தார். அந்த டொக்டரிடம் வெட்டுவித்தவர்கள் யார் யார் என்று தேடித் தேடிப் போனார். சாம்பல்தீவில் சிவபாக்கியம் என்ற அம்மா, "தம்பியின்ர கை தங்கக் கை ஐயா, யோசிக்காமக் கொண்டு போங்கோ" என்று தழும்பை மட்டும் காட்டாத குறையாகச் சொன்னாள். நல்லது என்று வந்தார். அதோடு விட்டாரா? மூதூரில் ஒருவருடைய மாமியார் அதே டொக்டர் வெட்டிய பிறகு மௌத்தானார், உயிர் தங்கவில்லை என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனார். அந்தக் கிழவிக்கு எண்பதுக்கு மேல் வயசு, சீனியும் பிரஷரும் இருந்தது, வேறு வருத்தத்துக்குச் செய்த சத்திரசிகிச்சை அது. இதெல்லாம் அவருக்கும் விளங்கியது. இருந்தாலும் ஒரு முள் ஏறிவிட்டது.

"என்னை வெட்டப் போறவர் என்ன, மகளுக்கு மாப்பிள்ளையா வரப் போறாரா? என்னத்துக்குங்க இவ்வளவு விசாரிப்பு?" என்று மைமூனா சிரித்தாள். அப்போது அவளால் சிரிக்க முடிந்தது.

"உன்ட உசிரு புள்ள. விளையாட்டா?"

"அப்ப இஸ்திகாராத் தொழுங்க. அல்லாஹ் மனசுல ஒண்டப் போடுவான். அதச் செய்வம்."

தொழுதார். எந்த வழியில் நன்மை இருக்கிறதோ அந்த வழியைக் காட்டு என்று அழுதழுது கேட்டார். காலையில் எழும்பியபோது மனசு தெளிவாகத்தான் இருந்தது, செய்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள், இது உண்மையிலேயே அல்லாஹ் போட்டதா, தன் களைப்பா என்று சந்தேகம் வந்துவிட்டது. பஸ் ஏறிக் கண்டிக்குப் போனார். அல்லாஹ்விடமும் கேட்டு ஓட்டோக்காரனிடமும் கேட்கிற மனிசனை என்ன செய்வது?

கண்டி டொக்டரும் அதையேதான் சொன்னார். கொழும்பு டொக்டரும் அதையேதான் சொன்னார். மூன்று பேரும் ஒன்றுபோலச் சொன்னால் வேறு யாராக இருந்தாலும் நெஞ்சு ஆறியிருப்பான். இவருக்கோ, ஒருவர் முதலில் வெட்டலாம் என்றதும் மற்றவர் முதலில் இன்னொரு ஸ்கேன் பார்க்கலாம் என்றதும் பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது. இதற்கிடையில் யாரோ இந்தியாவில் கத்தி இல்லாமல் சுகப்படுத்துகிறார்கள் என்றார்கள். அதையும் விசாரித்தார். பொய் என்று கண்டுபிடித்தார். பொய்யைக் கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரு திருப்தி. டொக்டர் குறித்த நாள் அதற்குள் எப்போதோ போய்விட்டது. திரும்பப் போய் இன்னொரு நாள் வாங்கினார். அதுவும் போனது. யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "இன்னொருக்கா விசாரிச்சுப் பார்ப்பம்."

ஒருநாள் சஜீத் பொறுக்க மாட்டாமல் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு உம்மாவிடம் வந்தான். "வாங்க உம்மா, நான் கூட்டிட்டுப் போறன். வாப்பா இப்பிடியே விசாரிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

மீன் வாங்க ஒரு பார்வை போதும் என்கிற பெண், கடலைப் பார்த்ததும் ஓடியவள், அன்றைக்குக் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"வாப்பா ஓம் சொல்லட்டும் மகன்."

"ஏன் உம்மா? நீங்கதானே எடுத்துப் போடணும் எண்டு முதல்ல சொன்னீங்க?"

"சொன்னன்தான். ஆனா உள்ள என்னை மயக்கிப் போட்டுப் படுக்க வைக்கக்குள்ள, வெளிய அவர் மனசு அமைதியா நிக்கணும். அவர் அந்தரப்பட்டுக்கிட்டு நிண்டா எனக்கு உள்ள படுக்க ஏலா."

அடுத்த அறையில் இருந்த றஹ்மானுக்கு இது கேட்டது. கேட்டும் அவர் எழும்பி வந்து ஓம் சொல்லவில்லை. இன்னும் ஒரே ஒரு ஆளை மட்டும் கேட்டுவிட்டு வந்து சொல்வோம் என்று நினைத்தார். இதை எழுதும்போது எனக்கே அந்த மனிசனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல வருகிறது. ஆனால் அன்பில்லாமல் செய்தாரா? அன்பு கூடிப்போனதால்தானே அவருக்குப் பேனையைத் திறக்க ஏலாமல் போனது.

கடைசியில் அவருக்குத் திருப்தி வந்தது. திருகோணமலையிலேயே செய்யலாம், அந்த முதல் டொக்டர்தான் நல்லவர் என்று முடிவுக்கு வந்தார். சந்தோஷமாக மைமூனாவைக் கூட்டிக்கொண்டு கிண்ணியாப் பாலம் தாண்டிப் போனார். அந்த நேரம் மைமூனாவின் இடது கைக்கு அடியில், கமுக்கூட்டில் ஒரு வீக்கம் வந்திருந்தது. டொக்டர் தொட்டுப் பார்த்தார். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலிலும் இருந்தது.

"இனி வெட்டிப் பிரயோசனம் இல்லை ஐயா" என்றார் டொக்டர். "மருந்து ஏத்திப் பார்ப்பம்."

"நீங்கதான் நல்ல டொக்டர் எண்டு எல்லாரும் சொன்னாங்க" என்றார் றஹ்மான். டொக்டர் அவருடைய முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நல்லது என்று றஹ்மானுக்கு இருந்தது.

மருந்து ஏற்றினார்கள். மைமூனாவின் முடி கொட்டியது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்காது. றஊப் ஹோர்ன் அடித்தால் மீன் வாசம் நினைவு வந்து அவளுக்குக் குமட்டும் என்று, அவன் அந்தத் தெருவுக்கு வந்தால் ஹோர்ன் அடிக்காமல் போகப் பழகினான். இன்ஷிரா வரத் துடித்தாள். றஹ்மான் அதையும் யோசித்தார். "இப்ப வந்தா உம்மா வாந்தியும் மயக்கமுமாக் கிடப்பா மகள். மருந்து ஏத்தி முடியட்டும். பிள்ளைட பரீட்சையும் முடியட்டும். உம்மா கொஞ்சம் தேறினாப் பிறகு, நோன்புப் பெருநாளைக்கு வந்தா நிறைய நாள் நிக்கலாம்." எல்லாம் நியாயமான பேச்சு. இன்ஷிராவும் நியாயத்துக்குக் கட்டுப்பட்டாள். மைமூனா மகளுடைய முகம் போனில் மறைந்த பிறகும் அந்தக் கறுத்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஒருநாள் றஹ்மான் அவளுடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது உடைந்துபோனார். "புள்ள, நான்தானே உன்னைக் கெடுத்தன். ஒரு ஏச்சாவது ஏசன்."

"ஏசி என்ன செய்ய? நீங்க எனக்குக் கெடுதி நினைச்சா செஞ்சீங்க?" என்றாள் மைமூனா. பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள், "ஆனா காக்க வெச்சிட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த ஒரு சொல் அவருக்குள் இறங்கி அங்கேயே இருந்துவிட்டது.

நோன்பு தொடங்கச் சில நாள் இருக்கும்போது, விடியச் சுபஹுக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு மைமூனா மௌத்தானாள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன். சஜீத் முதலில் போன் எடுத்தது ராத்தா இன்ஷிராவுக்குத்தான். அவள் கத்திய கத்தல் போனுக்கு வெளியே கேட்டது. அந்த நாளைக்கே பிளேன் இருக்கிறது, முனாஸ் டிக்கட் போடுகிறார், நாளைக்கு விடிய வீட்டில் இருப்பேன் என்றாள். "உம்மாட முகத்தை ஒருக்காப் பாத்திரணும். வெச்சிருங்க தம்பி, வெச்சிருங்க" என்றாள். "ஓம் ராத்தா, வெச்சிருப்பம்" என்றான் சஜீத்.

எங்களில் ஜனாஸாவை வைத்து வைத்துப் பார்க்கிற வழக்கம் இல்லை. குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்டு, தொழுவித்து, எவ்வளவு கெதியில் மண்ணுக்குக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் பெற்ற பிள்ளை வந்துகொண்டிருந்தால் ஒரு பொழுது பொறுப்பதும் உண்டு. மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்த ஆம்பிளைகள் முற்றத்துக் கதிரைகளில் இருந்தார்கள். மைமூனாவின் தம்பி ஹஸன், பின்னேரம் அஸரோடு எடுத்துவிடுவதுதான் சரி, கிடந்து உழன்ற உடம்பு என்றார். ராத்தா வரட்டும் மாமா என்றான் சஜீத். பள்ளி மௌலவி இரண்டு பக்கமும் கேட்டார். கெதியில் அடக்குவது சிறப்பு, மகளுக்காக ஒரு இரவு வைத்திருந்தாலும் குற்றம் இல்லை, எது என்றாலும் நானாதான் சொல்ல வேண்டும் என்று றஹ்மானின் பக்கம் திரும்பினார்.

முற்றத்தில் இருந்த எல்லோரும் பெருமூச்சு விட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். றஹ்மான் நானா அல்லவா? இனி எப்படியும் பொழுதுபட்டு மஃரிப் ஆகும்.

"எடுங்க. அஸரோட எடுங்க" என்றார் றஹ்மான்.

மௌலவி கேட்டு வாய் மூடவில்லை, பதில் வந்துவிட்டது. யாரையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. அவருக்குள் அப்போது ஒரேயொரு நினைவுதான் இருந்தது. இவளைக் காக்க வைத்தது போதும். இனி ஒரு நாழிகைகூடக் காக்க வைக்க மாட்டேன். உள்ளே ஏதோ ஒன்று பிடித்துத் தள்ளியது, அந்தத் தள்ளலுக்கு அவர் வாழ்க்கையில் முதல்தரமாக வழிவிட்டார். விட்டவுடன் உடம்பே இலேசானது. மைமூனா இப்படித்தான் வாழ்ந்தாளாக்கும், இவ்வளவு சுகமா இது என்றுகூட நினைத்தார்.

"வாப்பா, ராத்தாக்கு நான் சொல்லிட்டன் வாப்பா" என்று சஜீத் அழுதான்.

"எடுங்க மகன்."

"மாஷா அல்லாஹ், நானா இண்டைக்குத்தான் கெட்டியா ஒரு முடிவு எடுத்தார்" என்று பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். சஜீத் போனைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போய்த் திரும்பத் திரும்ப அடித்தான். இன்ஷிராவின் போன் அடைத்திருந்தது. அவள் பிளேனுக்குள் ஏறியிருந்தாள். மய்யித்தின் முகத்தைப் போனில் படம் எடுப்பதை அந்த வீட்டில் யாரும் நினைத்தும் பார்க்கவில்லை. கபனை மூடுவதற்கு முன்னால் றஹ்மானைக் கூப்பிட்டார்கள். வந்தார், குனிந்தார், "மூடுங்க" என்றார். சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். அஸர் தொழுகையோடு தொழுவித்து மையவாடியில் அடக்கினார்கள். மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்து, அன்றைக்கு அவர் அசந்து தூங்கினார். கனகாலத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம்.

விடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது வான் வந்து படலையில் நின்றது. இன்ஷிரா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். பின்னால் முனாஸ் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு அப்படியே நின்றார்கள். வழி நெடுக அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் முனாஸின் போனுக்குச் செய்தி வந்தது, அவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவள் நேரே நடு அறைக்குள் போனாள். கட்டிலில் விரிப்பு மாற்றி, தலையணையைச் சுவரோடு சாத்தி வைத்திருந்தார்கள். பெரியம்மா றுக்கியா வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். இன்ஷிரா அவளை விலக்கிவிட்டு அடுத்த அறையைப் பார்த்தாள், குசினியைப் பார்த்தாள், திரும்ப வந்து கட்டிலைப் பார்த்தாள்.

"உம்மா எங்க?"

சஜீத் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். றஹ்மான்தான் முன்னால் வந்தார்.

"நேத்து அஸரோட அடக்கியாச்சு மகள்."

அவள் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அவளுக்கு இனி உம்மா என்று போய் நிற்க ஒரு குவியல் மண்கூட இல்லை.

"யார் சொன்ன எடுக்கச் சொல்லி?"

"நான்தான் மகள்."

இன்ஷிரா வாப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "பரீட்சை முடியட்டும், பெருநாளைக்கு வா, உம்மா தேறட்டும் எண்டு என்னை எவ்வளவு நாள் மறிச்சீங்க. எல்லாத்துக்கும் யோசிச்சீங்க வாப்பா. உம்மாவை வெட்டுறதுக்கு யோசிச்சீங்க, நான் வாறதுக்கு யோசிச்சீங்க. இதுக்கு மட்டும் உங்களுக்கு யோசிக்கத் தெரியாமப் போச்சா?"

"அவவக் காக்க வெச்சது போதும் எண்டு நினைச்சன் மகள்."

"உம்மாக்கு இனி என்ன வாப்பா அவசரம்?"

வாசலில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். இன்ஷிரா கொஞ்சநேரம் தலையணையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கோபமெல்லாம் போன குரலில், சின்னப் பிள்ளைபோலக் கேட்டாள்.

"முகம் எப்பிடி இருந்த வாப்பா?"

"நல்லா இருந்த மகள்."

"சிரிச்ச மாதிரியா? நோவு இருந்த மாதிரியா? வாய்ப் புண்ணெல்லாம் ஆறி இருந்ததா?"

அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பொய் சொல்லலாமா என்று பார்த்தார். ஏலவில்லை.

"நான் கனநேரம் பாக்கல்ல மகள்" என்றார். "கெதியா மூடச் சொல்லிட்டன்."